மீண்டும் மறவர் சீமைக்கு

ராஜபாளையத்தில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். விடியலில் நீலமாகவும், வெயில் ஏறியபின் பச்சையும் சாம்பலும் கலந்த நிறமாகவும், அந்தி சாய்ந்ததும் கரிய மதிலாகவும் தோன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையை அன்றாடம் கண்டு பழகிய இவ்வூரார் அதனை ஒரு தடையாக நினைப்பதில்லை. மழையையும் ஓடைநீரையும் மாந்தோப்புகளின் குளிர்ச்சியையும் தரும் காவலாகவே நினைக்கிறார்கள். ஆந்திர தேசத்திலிருந்து பெயர்ந்து வந்த ராஜுக்கள் இந்த அடிவாரத்தில் குடியேறி ஊர் கண்டதும், 1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய நூற்பாலையைத் தொடர்ந்து பஞ்சும் நூலும் இவ்வூரின் ஜீவாதாரமானதும், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக விளங்கிய பி. எஸ். குமாரசுவாமி ராஜா இங்கே பிறந்து வளர்ந்ததும் பலரும் அறிந்த செய்திகள். அருகிலுள்ள சத்திரப்பட்டியில் தறிகள் ஓயாமல் ஓடி, ஆஸ்பத்திரிகளில் காயம் கட்டுவதற்கான மெல்லிய வெள்ளைத் துணியை நெய்து குவிக்கின்றன. எங்கோ முகமறியாத ஒருவரின் புண்ணுக்கு ஆறுதலாகப் போய்ச் சேரப்போகும் அந்தத் துணி வெயிலில் பாவி உலர்வதைப் பார்த்தபடியேதான் என் பிரயாணம் தொடங்கியது.

இந்த மலைத்தொடரை, இங்கிருந்து வெகு தூரம் வடக்கே, 1674-ஆம் ஆண்டில் காலால் நடந்து கடந்து தமிழ்நாட்டுக்குள் இறங்கினார் ஒரு போர்ச்சுகல் தேசத்து இளந்துறவி. அவர் பெற்றோர் இட்ட பெயர் ஜான் தெ பிரிட்டோ. தமிழர் வழங்கிய பெயர் அருளானந்தர். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் மறவர் சீமையின் ஓரியூரில், பாம்பாற்றங்கரை மணலில், அவர் சிரம் வீழ்ந்தது. வேதத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் உலக சரித்திரத்தில் பலர் உண்டு. ஆனால் அருளானந்தருடைய வரலாற்றைப் படிக்கும் எவரையும் ஒரு விஷயம் நிறுத்தி யோசிக்க வைக்கும். அதே மறவர் சீமையில் முன்பே ஒருமுறை சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி, இனி இங்கே போதித்தால் உயிர் போகும் என்ற எச்சரிக்கையோடு விடுதலை பெற்று, கடல் கடந்து தாய்நாட்டு அரசனின் அரண்மனை வரை சென்று, அங்கே சகல மரியாதைகளோடும் வாழ வழி இருந்தும் அதை உதறிவிட்டு, மறுபடியும் அதே சீமைக்கு ஏன் திரும்பி வந்தார் என்பதே அது. அவர் வாழ்ந்து மடிந்த நிலத்தைக் கண்ணால் பார்த்தால் இதற்கு விடை தெளிவாகலாம் என்று தோன்றியதால், மேற்கு மலையடிவாரத்திலிருந்து கீழைக் கடற்கரை வரை குறுக்காகப் பயணம் செய்ய முடிவு செய்தேன்.

ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர். தமிழ்நாட்டரசின் முத்திரையில் இடம்பெற்றிருப்பதாகப் போற்றப்படும் அந்தப் பதினொரு நிலை ராஜகோபுரம் 192 அடி உயரத்தில் நிற்பதை எத்தனை முறை பார்த்தாலும் புதிதாகவே இருக்கும். வடபத்ரசாயியின் சந்நிதியையும் ஆண்டாள் சந்நிதியையும் சேவித்துவிட்டு, அந்தப் பெண்பிள்ளை துளசிச் செடியின் அடியில் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நந்தவனத்தின் பக்கம் சற்று நின்றேன். ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளியை நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். மரவள்ளி இலையை மடித்து உடலாக்கி, மாதுளம்பூவை மூக்காக்கி, நந்தியாவட்டை இலையாலும் வாழைநாராலும் கட்டி, பொறுமையோடு உருவாக்கப்படும் அந்தப் பச்சைக்கிளி ஒருநாள் மட்டுமே அவள் கையில் இருந்துவிட்டு மறுநாள் பக்தர் ஒருவரின் கைக்குப் போய்விடும். மறுநாளுக்கு மறுபடியும் ஒரு புதுக் கிளி. இவ்வளவு நுட்பமான வேலை ஒரே நாளில் வாடிவிடுமே என்ற ஏக்கம் அதைச் செய்பவர்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. கொடுப்பதற்காகவே செய்யப்பட்டது, கொடுத்தாயிற்று.

பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த இந்த ஊரில் ஒரு கத்தோலிக்க வேதபோதகரைப் பற்றி நினைப்பது பொருத்தமா என்று யாரேனும் கேட்கலாம். என் மனத்துக்கு அது பொருத்தமாகவே பட்டது. மண்ணுலகத்தார் எவரையும் மணாளனாக ஏற்கமாட்டேன் என்று ஒரே முடிவில் நின்று, அந்த முடிவை எவருக்காகவும் மாற்றிக்கொள்ளாமல், தன்னையே முழுவதும் அரங்கனுக்குத் தந்துவிட்ட ஒரு பெண்ணின் பக்தியைப் பரம்பரை பரம்பரையாகப் பாடிவரும் மக்களுக்கு, தாய் அழுது தடுத்தும், அரசன் அன்போடு நிறுத்தியும் கேளாமல், தான் பற்றிய ஒன்றை விடாமல் போன ஒரு துறவியின் மனம் அந்நியமாகப் படாது. அவரவர் பற்றிய தெய்வம் வேறு. பற்றிய முறை ஒன்றே.

அருளானந்தர் வாழ்ந்த காலத்தில் இந்தப் பகுதி மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்தது. திருமலை நாயக்கர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிய மாளிகை இன்றும் இருக்கிறது. இங்கே பூஜை முடிந்ததை மதுரையில் அறிந்த பிறகே அவர் உணவருந்துவார் என்றும், அதற்காக வழிநெடுக மண்டபங்களில் மணி கட்டி, ஒன்றன் ஒலி கேட்டு அடுத்ததை அடிக்க ஏற்பாடு செய்திருந்தார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அந்த மதுரையில்தான், திருமலை நாயக்கர் பட்டமேறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, 1606-இல் ராபர்ட் தெ நோபிலி என்னும் இத்தாலியப் பாதிரியார் வந்து தங்கி, தத்துவ போதகர் என்ற பெயரோடு காவி உடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, மதுரை மிஷன் எனப்படும் வேதபோதக ஸ்தாபனத்துக்கு அடிகோலினார். கடற்கரையில் போர்ச்சுகீசியரின் கப்பலும் பீரங்கியும் காவல் நிற்க நடந்த வேதபோதகம் வேறு. பீரங்கி எட்டாத உள்நாட்டில், நாட்டு அரசர்களின் தயவிலும் மக்களின் நல்லெண்ணத்திலும் மட்டுமே தங்கி நடந்த இந்த மிஷன் வேறு. இந்த வேற்றுமையை மறந்துவிட்டு அருளானந்தரைப் புரிந்துகொள்ள முடியாது.

தெ நோபிலி வகுத்த பிராமண சந்நியாசி வேடம் மேல்சாதியாரிடம் மட்டுமே பழகுவதற்கு இடம் தந்தது. மற்ற மக்களோடும் கலந்து பழகவேண்டும் என்ற நோக்கத்தோடு, 1640-ஐ ஒட்டி பல்த்தசார் தா கோஸ்டா என்னும் சேசு சபைக் குரு பண்டார சுவாமி என்ற வேறொரு முறையைத் தொடங்கினார். சைவ மடங்களின் பண்டாரங்களைப் போலக் காவியும் தலைப்பாகையும் கைத்தடியும் கொண்டு, மாமிசமும் மதுவும் நீக்கி, மண் குடிசையில் தரையில் படுத்து, ஊர் ஊராக நடந்து போவதே அம்முறை. இந்தக் கோஸ்டா பிற்காலத்தில் போர்ச்சுகல் சென்று அங்குள்ள கல்லூரிகளில் மதுரை மிஷனைப் பற்றிச் சொல்லியபோது அதைக் கேட்டு மனம் இளகியவர்களில் ஒருவர் தெ பிரிட்டோ. 1673-இல் இருவரும் ஒரே கப்பலில் புறப்பட்டார்கள். கோஸ்டா வழியில் கடலிலேயே காலமானார். அவர் தமிழ்நாட்டில் விட்டுவந்த வேலையை ஏற்க அந்த இளைஞர் மட்டும் கரை சேர்ந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்கு அருகில் பால்கோவாக் கடைகளின் இனிய மணம் காற்றில் நிறைந்திருந்தது. விறகடுப்பின் மேல் அகன்ற இரும்புச் சட்டியில் பால் கொதித்துச் சுண்ட, நீண்ட துடுப்பால் ஒருவர் இடைவிடாது கிண்டிக்கொண்டே இருந்தார். ஒரு கணம் கை ஓய்ந்தால் அடிபிடித்துவிடும் என்று கண்ணை எடுக்காமலே என்னிடம் சொன்னார். அங்கே பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினேன். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை என்று ஊர்கள் கடக்கக் கடக்க மலை பின்னால் தாழ்ந்துகொண்டே வந்து கடைசியில் மறைந்தது. கரிசல் நிலம் விரிந்தது. இந்தக் கரிசலின் தென்புறத்தில், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில்தான், அருளானந்தருக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்த வீரமாமுனிவர் தம் தமிழ்நாட்டு வாழ்க்கையின் தொடக்க ஆண்டுகளில் தங்கிப் பணிபுரிந்தார். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த அந்த மகானைத் தமிழர் அறிந்த அளவு, அவருக்கு முன்னே இந்தப் புழுதியில் நடந்தவர்களை அறியவில்லை.

1647 மார்ச் முதல் தேதி லிஸ்பன் நகரில் பிரபு குடும்பம் ஒன்றில் தெ பிரிட்டோ பிறந்தார். தந்தை பிரேசிலில் ஆளுநராக இருந்து அங்கேயே இறந்தார். பிள்ளை அரண்மனையில் இளவரசன் பேதுருவுக்குத் தோழனாக வளர்ந்தான். சிறுவயதில் கடும் நோய் கண்டபோது, தமிழ்நாட்டுக் கடற்கரையில் முன்னொரு காலத்தில் பணிபுரிந்த புனித பிரான்சிஸ் சவேரியாரை வேண்டி, மகன் பிழைத்தால் ஓராண்டுக் காலம் சேசு சபையார் அணியும் அங்கியை உடுத்தச் செய்கிறேன் என்று தாய் நேர்ந்துகொண்டாள். மகன் பிழைத்தான், நேர்ச்சையும் நிறைவேறியது. ஆனால் அந்த அங்கியைப் பிள்ளை மனத்திலிருந்து கழற்றவே இல்லை. 1662-இல் சபையில் சேர்ந்து, 1673-இல் குருவாகி, உடனே இந்தியாவுக்குக் கிளம்பினார். தன் வேண்டுதலே மகனைத் தன்னிடமிருந்து பிரிக்கும் என்று அந்தத் தாய் நினைத்திருக்கமாட்டாள். அவரைத் தடுக்க அவள் செய்த முயற்சிகள் எதுவும் பலிக்கவில்லை.

தமிழ்நாட்டில் முதல் பன்னிரண்டு ஆண்டுகள் தஞ்சை, செஞ்சிப் பக்கங்களிலும் பிற இடங்களிலும் பண்டார சுவாமியாக உழைத்து, மதுரை மிஷனின் தலைவருமான பிறகே, 1686-இல் அவர் மறவர் சீமைக்குள் நுழைந்தார். அங்கே கிறிஸ்தவர்கள் இருந்தும் நெடுங்காலமாகக் குருமார் எவரும் போக முடியாமல் இருந்தது. சில வாரங்களுக்குள் மக்கள் திரள் திரளாக வந்து ஞானஸ்நானம் பெற்றார்கள். மங்கலம் என்னும் ஊரில் மறவர் படைத்தலைவர் ஒருவர் அவரையும் உடனிருந்த உபதேசியார்களையும் பிடித்தார். கட்டி வைத்து அடித்ததும், தண்ணீரில் அமிழ்த்தியதும், வெயிலில் கொதிக்கும் பாறைமேல் கிடத்தி மிதித்ததும் அவரே எழுதிய கடிதங்களின் வாயிலாகத் தெரிகின்றன. முடிவில் ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய், மறவர் சீமையின் மன்னரான சேதுபதி முன் நிறுத்தினார்கள். மன்னர் அவருடைய போதனையை நேரில் கேட்டார். இவரைக் கொல்ல வேண்டியதில்லை என்று கண்டு, இனி இச்சீமையில் போதிக்கலாகாது என்று கட்டளையிட்டு விடுதலை செய்தார். ஆகவே அருளானந்தருக்கு முதலில் உயிர்ப்பிச்சை தந்த அரசரும், பின்னர் அவர் உயிர் போகக் காரணமான அரசரும் ஒருவரே.

பரமக்குடியில் வைகையைக் கண்டேன். அகன்ற மணற்பரப்பின் நடுவே ஒரு சிறு நீர்க்கோடு கிடந்தது. அதற்கு அப்பால் பனையும் சீமைக்கருவேலும் கண்மாய்களும் மாறி மாறி வந்தன. பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை என்று வானத்தை நம்பி வாழும் சீமை இது. ஒரு கண்மாயின் மடையைத் திறப்பதிலும் அடைப்பதிலும் ஒரு கிராமத்தின் ஆண்டுச் சோறு அடங்கியிருக்கிறது. இத்தகைய நிலத்தில் வளர்ந்த மக்கள் வாக்குக்கும் மானத்துக்கும் உயிரைக் கொடுப்பவர்களாக இருப்பதில் வியப்பில்லை. அவர்கள் நடுவே வந்து, அவர்கள் உண்ட சோற்றிலும் எளிய உணவை உண்டு, அவர்களைப் போலவே வாக்குக்கு நின்று உயிர் கொடுத்த ஒருவரை இந்தச் சீமை பிற்காலத்தில் தன்னவராக ஏற்றுக்கொண்டதிலும் வியப்பில்லை.

ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் அரண்மனையின் தூண்களையும் சித்திரங்களையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். புகலூரிலிருந்து தலைநகரை இங்கே மாற்றி, மண்கோட்டையைக் கற்கோட்டையாக்கி, மதுரை நாயக்கரின் மேலாதிக்கத்திலிருந்து சேது நாட்டை விடுவித்த ரகுநாத கிழவன் சேதுபதிதான் அருளானந்தரை விசாரித்த மன்னர். அவர் சாமானியர் அல்லர். கீழக்கரையின் வள்ளல் சீதக்காதியோடு நட்புப் பூண்டு, வேறு மதத்தாரை அரசவையில் மதித்து வைத்திருந்த மன்னர் அவர். அவரைக் கொடுங்கோலர் என்று ஒரு சொல்லில் எழுதித் தள்ளிவிடுவது சரித்திரத்துக்கும் நியாயம் அன்று, அருளானந்தருக்கும் பெருமை அன்று. அருளானந்தர் திரும்பி வந்த பின் அவர் முன் நடந்த இரண்டாவது விசாரணை ஏன் மரண தண்டனையில் முடிந்தது என்பதை நிதானமாகப் பார்க்கவேண்டும்.

விடுதலையான பிறகு அவரைச் சபையார் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள், மிஷனின் நிலைமையை மேலிடத்துக்கு நேரில் எடுத்துச் சொல்வதற்காக. 1688-இல் லிஸ்பன் சேர்ந்தார். பாலியத் தோழனான பேதுரு இப்போது அரசன். அவரைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும், தன் மகனுக்கு ஆசிரியராக்கவும் விரும்பினான். தாயும் உயிரோடிருந்தாள். அருளானந்தரோ தமிழ்நாட்டில் பழகிய விரதங்களை லிஸ்பனிலும் விடவில்லை. மாமிசம் தொடாமல், மெத்தையில் படுக்காமல், மதுரைத் துறவியாகவே அந்த நகரில் இருந்து, மிஷனுக்கு வேண்டியவற்றைச் சேகரித்துக்கொண்டு 1690-இல் மறுபடி கப்பலேறினார்.

திரும்பி வந்தவர் நேரே சாவைத் தேடிப் போனார் என்று நினைப்பவர்கள் அவரைச் சரியாக அறியாதவர்கள். 1691 முதல் மறவர் சீமையின் எல்லைக் காடுகளில் ஓலைக் குடிசைகளில் மறைந்து, இரவில் மக்களைச் சந்தித்து, ஓரிடத்தில் நெடுநாள் தங்காமல் இடம் மாறிக்கொண்டே இருந்தார். மரணத்தை விரும்பியவன் இவ்வளவு கவனமாக ஒளியமாட்டான். வேலை நடக்கவேண்டும், வேலை நடக்க உயிர் இருக்கவேண்டும், ஆனால் உயிருக்காக வேலையை விடக்கூடாது. இந்த மூன்றையும் ஒருங்கே மனத்தில் வைத்து அவர் அந்த ஆண்டுகளைக் கழித்தார். ஏன் திரும்பினார் என்ற கேள்விக்கு இங்கேதான் விடை கிடைக்கிறது என்று கருதுகிறேன். 1686-இல் ஞானஸ்நானம் பெற்ற குடியானவர்களுக்கு லிஸ்பன் இல்லை. புறப்பட்டுப் போவதற்குக் கப்பல் இல்லை. அடிபட்டாலும் அவமானப்பட்டாலும் அவர்கள் அந்தக் கண்மாய்க் கரையிலேயே இருந்தாகவேண்டும். அவர்களை ஒரு வழியில் கூட்டிவந்து நடுவில் விட்டுவிட்டு, தாம் மட்டும் அரண்மனையில் பத்திரமாக இருப்பதை அவருடைய மனச்சாட்சி அனுமதிக்கவில்லை.

ஆபத்து எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. முன்னைய அரச பரம்பரையில் வந்தவரும், சேதுபதியின் அரியணைக்குப் பாத்தியதை கொண்டாடக் கூடியவருமான தடியத்தேவர் கடும் நோயில் விழுந்து, உபதேசியார் ஒருவரின் ஜெபத்தால் குணமடைந்ததாக நம்பி, வேதத்தில் சேர விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினாலன்றி ஞானஸ்நானம் இல்லை என்று அருளானந்தர் உறுதியாகச் சொல்ல, அவரும் இசைந்தார். 1693 ஜனவரி 6-ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் இளையவளான கடலாயி சேதுபதியின் உறவுப்பெண். அவள் அழுது அரசரிடம் முறையிட்டாள்.

அருளானந்தரின் சரிதம் எழுதியவர்களில் பலர் இந்தப் பெண்ணை ஒரு பொறாமைக்காரியாகக் காட்டி விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. ஊரறிய மணந்த கணவன் ஒரு நாள் காலையில் உன்னை இனி மனைவியாகக் கொள்வதற்கில்லை என்று சொன்னால், எந்தக் குற்றமும் செய்யாத அந்தப் பெண் எங்கே போவாள்? துறவியின் நியாயம் அவருடைய வேதத்தின்படி மாசற்றது. அந்தப் பெண்ணின் துயரமும் உண்மையானது. இரண்டு உண்மைகள் நேருக்கு நேர் மோதிய இடம் அது. அவள் அழுகையோடு, அரியணைக்குப் போட்டியான ஒருவர் புதிய வேதத்தாரின் திரளைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற ராஜாங்க அச்சமும் சேர்ந்தது. ஏற்கெனவே இட்ட தடையை மீறியவர் என்ற குற்றமும் இருந்தது. ஜனவரி 8-ஆம் தேதி அருளானந்தர் பிடிபட்டார். ராமநாதபுரத்தில் சிறைவைத்து விசாரித்த பின், தலைநகரிலேயே கொன்றால் தடியத்தேவரின் ஆட்கள் கிளர்ந்தெழக்கூடும் என்று எண்ணி, சேதுபதி அவரைத் தம் சகோதரர் உடையத்தேவர் ஆண்ட ஓரியூருக்கு அனுப்பினார்.

ராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு நான் தேவிபட்டினம், தொண்டி வழியாகக் கடலோரமாகவே போனேன். இதே ராமநாதபுரக் கடற்கரையில், மண்டபத்தை அடுத்த வேதாளையில், 1549-ஆம் ஆண்டில் அந்தோனி கிரிமினாலி என்ற இத்தாலியப் பாதிரியார், தம் பரதவ மக்களைப் பாதுகாப்பாகப் படகேற்றும் முயற்சியில் கரையிலேயே நின்று ஈட்டிக்கு இரையானார். சேசு சபையின் முதல் வேதசாட்சி என்று உலகெங்கும் மதிக்கப்படுபவர் அவர். 144 ஆண்டு இடைவெளியில் ஒரே கடற்கரைச் சீமையில் இருவர், ஒரே காரணத்துக்காக மாண்டிருக்கிறார்கள்: தம்மை நம்பி வந்தவர்களை விட்டுப் போக இருவருக்கும் மனம் வரவில்லை.

ஓரியூர் ஒரு சிறிய ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் வயல்களுக்கும் பனைகளுக்கும் நடுவே திருத்தலத்தின் வெண்ணிற முகப்பு தெரிகிறது. பாம்பாறு பெயரளவுக்கே ஆறு. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் புல்லும் முள்ளும் மண்டிய ஒரு தாழ்வுதான். அதன் கரையில், அருளானந்தரின் சிரம் வீழ்ந்த இடத்தில், செம்மணல். காலணியைக் கழற்றிவிட்டு ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். பருவெட்டான மணிகள், சுற்றியுள்ள மண்ணின் நிறத்துக்கு மாறாகச் செக்கச் சிவந்திருந்தன. சுவாமியாரின் இரத்தம் பட்டு இப்படிச் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அதை நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள். சிறு பொட்டலங்களாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

ஒரு மரத்தடியில் அடுப்பு மூட்டிக் குடும்பமாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் வைத்திருந்த முதிய அம்மாள் ஒருவர், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு, என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்கய்யா?" என்று விசாரித்தார்.

"ராஜபாளையம் பக்கம், அம்மா."

"அம்புட்டுத் தூரமா? வாங்க, ஒக்காருங்க. பேரனுக்கு முடி இறக்க வந்தோம். கெடா வெட்டிப் பொங்கல் வச்சிருக்கோம், சாப்பிட்டுத்தான் போகணும்."

"நீங்கள் வேதக்காரர்களா, அம்மா?"

"இல்லைங்கய்யா. நாங்க அய்யனாரைக் கும்பிடுறவுக. ஆனா அருளானந்தர் எங்க சாமிதான். என் மாமியா காலத்துல இருந்து இங்கதான் முடி இறக்குறது."

கெடாக்கறி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றதும், தனியாகப் பொங்கல் எடுத்துத் தந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைக் குழந்தையின் கையில் கொடுத்தேன். மாமிசம் தொடாமல் வாழ்ந்து மறைந்த ஒரு துறவிக்கு இந்த மக்கள் கிடா வெட்டிப் பொங்குகிறார்கள்; தென்னங்கன்று நேர்ந்து கொண்டுவருகிறார்கள்; தங்கள் குலதெய்வத்துக்கு எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்கிறார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஓர் அந்நியரை இந்நிலத்தார் தம்மோடு இழைத்துக்கொண்டிருக்கும் விதம் இது. அந்த அம்மாளின் வார்த்தையில் இருந்த இயல்பான உரிமையைப் போல் வேறு சான்று எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

சிறையிலிருந்த கடைசி நாட்களில் அருளானந்தர் கரியை மையாகக்கொண்டு தம் சபையாருக்கு எழுதிய கடிதங்களில் கலக்கத்தின் சுவடே இல்லை. வேதத்தைப் போதித்ததே தம் குற்றமாயின் அக்குற்றத்தை மகிழ்ச்சியோடு ஏற்பதாக அவர் எழுதியதன் கருத்து. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி புதன்கிழமை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். நண்பகலை ஒட்டி இந்த ஆற்றங்கரை மேட்டுக்கு அழைத்துவரப்பட்டு, முழந்தாளிட்டு ஜெபித்து, தம்மை வெட்ட வந்தவனைத் தழுவிக்கொண்டு, தலை தாழ்த்தினார். வயது 46 நிறைய ஒரு மாதம்கூட இல்லை. உடலைக் கம்பத்தில் கட்டிவைத்தார்கள். மக்கள் அஞ்சி ஓடிவிடவில்லை. நாளடைவில் இந்த மேட்டையே தேடி வரத் தொடங்கினார்கள்.

1853-இல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 1947 ஜூன் 22-ஆம் தேதி, இந்தியா சுதந்திரம் பெற இரண்டு மாதமும் இல்லாத வேளையில், பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அந்நிய ஆட்சி நம் மண்ணை விட்டு வெளியேறிய அதே ஆண்டில், ஆட்சியின் துணை எதுவும் இல்லாமல் இந்த மண்ணில் வாழ்ந்து இங்கேயே உரமாகிப்போன ஓர் அந்நியர் பீடத்தில் ஏற்றப்பட்டது நாம் நினைவில் வைக்கவேண்டிய செய்தி.

வந்தவர்கள் எல்லோரும் ஒருவகையினர் அல்லர். எடுத்துக்கொண்டு போக வந்தவர்கள் உண்டு. ஆள வந்தவர்கள் உண்டு. திரும்பிப் போக வழியிருந்தும் போகாமல், போன பிறகும் நிலைகொள்ளாமல் மீண்டு வந்தவர்களும் உண்டு. அருளானந்தரின் வேதத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. அவர் தம்மை நம்பிய ஏழைக் குடியானவர்களுக்குக் காட்டிய விசுவாசத்தை மதிக்காதிருக்க யாராலும் இயலாது. ராமேசுவரத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் யாத்திரை போகும் அன்பர்கள் தொண்டியைக் கடந்து சற்று வடக்கே வந்து, எந்த மதத்தினராயினும், ஒரு நாழிகை ஓரியூரில் தங்கிச் செல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.